'இருந்து இருந்து நடப்பன்': ஒரு புளூ பேட்ஜ் நிராகரிப்பும் அதன் மறுபரிசீலனையும்

சனிக்கிழமைகளில் ஒரு மண்டபத்தின் மூலையில் மேசை போட்டு எங்கள் ஆட்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். கடந்த வருடம் மே மாதம் ஒரு மகள் உள்ளூராட்சிக் கவுன்சிலின் கடிதம் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அப்பாவின் புளூ பேட்ஜ், அதாவது பிரிட்டனில் நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்குக் கார் நிறுத்தச் சலுகை தரும் அட்டை, அதற்கான விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. "அண்ணா, அப்பாவால அம்பது அடி ஒழுங்கா நடக்கேலாது. இவை நல்லா நடக்கிறார் எண்டு எழுதியிருக்கினம்" என்றார். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். அதில் பொய் எதுவும் இல்லை. ஐயா சொன்னதைத்தான் எழுதியிருந்தார்கள். அவர் சொன்னது அங்கே போய்ச் சேர்ந்த விதம்தான் பிழை.

தந்தையும் மகளும் சம்மதித்ததால் இதை எழுதுகிறேன். பெயர்களும் கவுன்சிலும் வேண்டாம்.

ஆள்

ஐயாவுக்கு 74 வயது. யாழ்ப்பாணத்துக்காரர். லண்டன் புறநகரில் மகள் குடும்பத்தோடு இருக்கிறார். இருபது வருடத்துக்கு மேல் பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை, எல்லாம் நின்றபடி. மனைவி காலமாகி மூன்று வருடம்.

எம்.ஆர்.ஐ. ஸ்கானில் முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதியில் நரம்புகள் போகும் குழாய் ஒடுங்கியிருப்பது தெரிந்தது. ஸ்பைனல் ஸ்டெனோசிஸ் என்பார்கள். இந்த வருத்தத்தின் குணத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் முழுக் கதையும் அதில்தான் தொங்குகிறது. நிமிர்ந்து நின்றால், நடந்தால், அந்தக் குழாய் இன்னும் ஒடுங்கும். முன்னால் குனிந்தாலோ உட்கார்ந்தாலோ சற்று விரியும். ஆகவே புறப்படும்போது ஆள் நன்றாகத்தான் இருப்பார். கொஞ்சத் தூரம் போனதும் பின்புறத்திலிருந்து கெண்டைக்கால்வரை நோ இறங்கும், பிறகு கால் தன்னுடையது அல்லாததுபோல் ஆகிவிடும். எங்காவது உட்கார்ந்து இரண்டு மூன்று நிமிடம் போனால் அடங்கும். எழும்பி நடந்தால் திரும்ப அதே கதை. முதல் முப்பது மீற்றரை மட்டும் பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது.

இன்னொரு வேடிக்கை. இந்த வருத்தக்காரர்கள் சுப்பர்மார்க்கட்டில் றொலியைப் பிடித்துக்கொண்டு மற்ற இடங்களைவிட நன்றாக நடப்பார்கள். றொலியில் சாயும்போது முதுகு முன்னால் வளைகிறது, அவ்வளவுதான். டொக்டர்கள் நோயைக் கண்டுபிடிக்கவே 'றொலி பிடித்தால் சுகமா?' என்று கேட்பதுண்டு. ஐயாவுக்கு அதே றொலி எதிராகச் சாட்சி சொன்னது.

விதி

புளூ பேட்ஜ் ஆளுக்குக் கொடுப்பது, காருக்கு அல்ல. ஐயா கார் ஓட்டுவதை விட்டு நாளாகிவிட்டது. மகள் ஓட்டினாலும் மருமகன் ஓட்டினாலும் டாக்சி என்றாலும் பேட்ஜ் அவரோடு போகும், அவர் இல்லாமல் போகக்கூடாது. அது இருந்தால் இங்கிலாந்தில் மஞ்சள் கோட்டில், ஏற்றி இறக்கத் தடை இல்லாத இடமாகப் பார்த்து, 3 மணி நேரம் நிறுத்தலாம். வீதியோரக் கட்டணத் தரிப்பிடங்களில் பெரும்பாலும் காசு கட்டத் தேவையில்லை. மத்திய லண்டனின் சில பகுதிகளில் மட்டும் தனி விதி. கட்டணம் 10 பவுணுக்கு மேல் போகாது. அதிகம் போனால் 3 வருடம் செல்லும்.

அல்ஃப் மொறிஸ் என்ற தொழிற்கட்சி எம்.பி. தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து 1970இல் சட்டமானதன் 21ஆம் பிரிவில்தான் இதன் வேர் இருக்கிறது. 1971இல் செம்மஞ்சள் அட்டையாகத் தொடங்கி 2000இல் நீலமானது. 2019 ஓகஸ்ட் 30 முதல் வெளியே தெரியாத குறைபாடுகளுக்கும், மனநிலை சார்ந்த கடும் அவதிக்கும் வழி திறந்தது. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் விதிகள் சற்று வேறு. நான் சொல்வதெல்லாம் இங்கிலாந்துக் கதை.

உள்ளே போக இரண்டு வாசல். ஒன்றில் பரிசோதனை இல்லை. பிப் என்ற இயலாமை உதவித்தொகையில் நடமாட்டக் கேள்விக்கு 8 புள்ளியோ அதற்கு மேலோ வைத்திருப்பவர், டி.எல்.ஏ. என்ற இன்னொரு இயலாமை உதவித்தொகையின் உயர் நடமாட்டத் தொகை பெறுபவர், பார்வையற்றவராகப் பதிவானவர், இப்படிச் சிலர் கடிதத்தைக் காட்டினால் போதும்.

எங்கள் முதியவர்கள் அநேகம் பேர் இந்த வாசலில்தான் முதலில் முட்டுகிறார்கள். அரச ஓய்வூதிய வயது தாண்டிய பிறகு புதிதாகப் பிப் கேட்க முடியாது. அந்த வயதுக்காரருக்குக் கிடைப்பது அட்டெண்டன்ஸ் அலவன்ஸ். ஐயாவுக்கும் அதுதான். குளிக்க, உடுக்க, இரவில் எழும்ப எவ்வளவு உதவி தேவை என்று பார்த்துக் கொடுக்கும் காசு அது. நடையைப் பற்றி அதில் ஒரு பகுதியே இல்லை. 'கவர்ன்மென்டே ஏலாத ஆள் எண்டு காசு தருகுது, பிறகேன் கவுன்சில் மறுக்குது?' என்ற கேள்வி என் மேசைக்கு மாதம் ஒரு தரமாவது வரும். பதில் இதுதான்: அந்தக் காசும் இந்த அட்டையும் வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள்.

ஆகவே ஐயாவுக்கு இரண்டாவது வாசல். நீடித்த, கணிசமான குறைபாடு இருக்கவேண்டும், 3 வருடமாவது நீடிக்கக்கூடியதாக இருக்கவேண்டும், அதனால் நடக்கவே முடியாமல் அல்லது நடப்பதில் மிகப் பெரிய சிரமம் இருக்கவேண்டும். 'மிகப் பெரிய' என்றால் எவ்வளவு? போக்குவரத்துத் திணைக்களம் கவுன்சில்களுக்குக் கொடுத்திருக்கும் வழிகாட்டியில் சில எண்கள் இருக்கின்றன. மொத்தமாக 30 மீற்றருக்குள்தான் நடக்கமுடியும் என்றால் தகுதி உண்டென்று கொள்ளலாம். 80 மீற்றருக்கு மேல் பெரிய அவதி இல்லாமல் நடப்பவருக்கு வழக்கமாகக் கிடையாது. இடைப்பட்டவர்களுக்கு நோ, மூச்சு, நடக்கும் விதம், வேகம் எல்லாம் சேர்த்துப் பார்க்கவேண்டும். நிமிடத்துக்கு 40 மீற்றர்கூடப் போகாவிட்டால் அது மிக மெதுவான நடை. அந்த நிமிடக் கணக்கில் இளைப்பாற நிற்கும் நேரமும் அடக்கம். இந்தக் கடைசி வரியை வாசிக்கிறவர்கள் குறைவு. ஐயாவைக் காப்பாற்றியது அதுதான்.

படிவம்

பெப்ரவரியில் மகள் ஒன்லைனில் விண்ணப்பம் போட்டார். வேலை முடிந்து வந்து இரவு பத்து மணிக்கு, அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய ஒரு இடத்தைச் சொல்லும்படி ஒரு கேள்வி. ஐயா உடனே மூலைக் கடையைச் சொன்னார். எவ்வளவு நேரம் எடுக்கும்? பத்து நிமிஷம்.

பிறகு நான் அந்தத் தூரத்தை வரைபடத்தில் பார்த்தேன். சுமார் 400 மீற்றர். இந்த ஒரு பதிலோடேயே விண்ணப்பம் பாதி செத்துவிட்டது.

"கடைசியா எப்ப ஐயா அந்தக் கடைக்கு நடந்து போனீங்கள்?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் மகளைப் பார்த்தார்.

"அம்மா இருக்கேக்கை."

மூன்று வருடத்துக்கு முந்திய நடை. அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் கடைக்குப் போகிற ஆளாகத்தான் தன்னை இன்னமும் நினைத்துக்கொண்டிருந்தார்.

மற்றக் கட்டங்களில் மகள் நிறைய எழுதியிருந்தார். அப்பாவால் சாமான் தூக்க ஏலாது, பஸ் தரிப்பிடம் தூரம், மழைக்குக் கஷ்டம், ஆஸ்பத்திரியில் பார்க்கிங் கிடைக்காமல் இரண்டு தரம் அபராதம். எல்லாம் உண்மை. ஒன்றுமே நடையைப் பற்றியதல்ல. எத்தனை மீற்றரில் நிற்கிறார், நின்றால் என்ன செய்கிறார், பிறகு எவ்வளவு நேரம் கிடக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை.

பரிசோதனை நாள்

ஏப்ரலில் அழைத்தார்கள். கவுன்சில் அனுப்பும் நிபுணர், பிசியோவாகவோ தொழில்வழிச் சிகிச்சையாளராகவோ இருப்பார். சொந்த ஜிபியின், அதாவது குடும்ப டொக்டரின், வார்த்தையை மட்டும் நம்பி முடிவெடுக்கவேண்டாம் என்பது வழிகாட்டியின் போக்கு. தன் நோயாளிக்கு 'இல்லை' சொல்ல ஜிபிக்குக் கஷ்டம். நியாயம்தான்.

மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில். மகள் பக்கத்தில் இருக்கலாம், பேசக்கூடாது. மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுப் பெண், தன்மையாகப் பேசினார் என்றுதான் மகள் சொன்னார். நான் அவரைக் குறை சொல்லப் போவதில்லை.

நடக்க முடியுமா என்று கேள்வி. ஐயாவின் பதில்: "ஓம், நடப்பன். இருந்து இருந்துதான் நடப்பன்."

யாழ்ப்பாணத்தில் இருப்பது என்றால் உட்காருவது. வீட்டுக்கு வந்தவரை 'இருங்கோ' என்றால் கதிரையைக் காட்டுகிறோம் என்று அர்த்தம். ஐயா சொன்னது: கொஞ்சம் நடப்பேன், உட்காருவேன், திரும்ப நடப்பேன். தொலைபேசியின் அந்தப் பக்கத்தில் அது 'அவ்வப்போது நடப்பேன்' என்று விளங்கியது. அறிக்கையில் 'எப்போதாவது நடைக்குப் போவார்' என்று ஏறியது. உட்காரும் ஆள் காணாமல் போய், உலாவப் போகும் ஆள் வந்துவிட்டார்.

அடுத்தது கால். "கால் விறைச்சுப் போகும்." எங்களுக்கு விறைப்பு என்றால் உணர்ச்சி அற்றுப்போவது. தமிழ்நாட்டில் அதை மரத்துப்போச்சு என்பார்கள். அவர்களுக்கு விறைப்பு என்றால் வளையாமல் இறுகி நிற்பது. அறிக்கையில் வந்த சொல் 'ஸ்டிஃப்'. காலையில் எழும்பும்போது யாருக்குத்தான் கால் ஸ்டிஃப் இல்லை? உணர்ச்சியற்ற கால் என்றால் விழும் ஆபத்து. ஸ்டிஃப் கால் என்றால் வயது.

மூன்றாவது, கடைக்குப் போவீர்களா? "மகளோட போவன். றொலியைப் பிடிச்சுக்கொண்டு சமாளிப்பன்." சமாளிப்பதற்கு ஆங்கிலத்தில் 'மேனேஜ்'. அகராதிப்படி சரி. ஆனால் எங்கள் ஊரில் சமாளிக்கிறது என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்பேற்றுவது. அறிக்கையில் 'சுப்பர்மார்க்கட் வேலையை மேனேஜ் பண்ணுகிறார்' என்று இருந்தது. வாசிக்கிறவர் மனதில், கையில் பட்டியலோடு தெம்பாகத் திரியும் ஒருவர்.

கடைசியில் நடை. உள்ளே, சமதளமான நடைபாதை, 50 மீற்றர், கையில் தடி. 1 நிமிடம் 5 விநாடியில் நடந்து முடித்துவிட்டார். கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 46 மீற்றர். 40க்கு மேல். மகள் வாயடைத்துப் போனார். வீட்டுக்குள்கூட அப்பா அப்படி நடந்து அவர் கனகாலம் காணவில்லை.

காருக்குத் திரும்பியதும் ஐயா முன் இருக்கையைச் சரித்துப் படுத்துவிட்டார். அரை மணி நேரம் மகளால் காரை எடுக்க முடியவில்லை, குலுங்கினால் தாங்க ஏலாது என்றார். "ஏன் அப்பா அப்பிடிக் கெதியா நடந்தனீங்கள்?"

"அந்தப் பிள்ளை பாத்துக்கொண்டு நிக்குது. நான் எப்பிடி நொண்டிக்கொண்டு போறது?"

அந்த அரை மணி நேரம் அறிக்கையில் இல்லை. பரிசோதனை கதவோடு முடிந்துவிட்டது.

கடிதத்தைப் பிரித்துப் படித்தது

எல்லோரும் 'அப்பீல்' என்கிறோம். சட்டப்படி இதற்கு அப்படியொன்று இல்லை. பேட்ஜைத் துஷ்பிரயோகம் செய்ததற்காக மறுத்தாலோ திருப்பி வாங்கினாலோ மட்டும் அமைச்சருக்கு முறையிட வழி உண்டு. தகுதி இல்லை என்று மறுத்தால் முடிவு கவுன்சிலுடையது. மறுப்பதென்றால் காரணத்தை விளக்கமாக எழுதவேண்டும், மறுபரிசீலனைக்கு ஒரு நடைமுறை வைத்திருப்பது நல்லது என்று வழிகாட்டி சொல்கிறது. அநேகக் கவுன்சில்கள் வைத்திருக்கின்றன. ஐயாவின் கடிதத்தில் 28 நாள் என்று இருந்தது. அதில் ஏற்கெனவே 9 நாள் போய்விட்டது.

அன்றைக்கே இரண்டு மின்னஞ்சல் போட்டோம். முதலாவது: மறுபரிசீலனை கேட்கிறோம், விவரம் பின்னால் வரும். மூன்று வரி, தேதிக்காக. இரண்டாவது: பரிசோதகரின் முழு அறிக்கையைத் தாருங்கள். தன்னைப் பற்றி வைத்திருக்கும் பதிவைக் கேட்க யாருக்கும் உரிமை உண்டு, காசு கட்டத் தேவையில்லை, ஒரு மாதத்துக்குள் தரவேண்டும். ஒரு மாதம் என்றால் 28 நாள் தாண்டிவிடும், அதனால்தான் முதல் மின்னஞ்சல். அறிக்கை 12 நாளில் வந்தது. மேலே சொன்ன 'எப்போதாவது', 'ஸ்டிஃப்', 'மேனேஜ்' எல்லாம் எங்களுக்குத் தெரிந்தது அப்போதுதான். கடிதத்தில் இருந்தது சுருக்கம் மட்டும்: 400 மீற்றரில் உள்ள கடைக்கு நடப்பவர், 50 மீற்றரை நிற்காமல் நடந்தார், வெளியே தெரியும் அவதி இல்லை, கடை வேலைகளைச் செய்கிறார்.

இதற்கிடையில் மகள் நான்கு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார். அப்பா எத்தனை வருடம் இந்த நாட்டில் வரி கட்டினார், அம்மாவின் கடைசிக் காலத்தில் அவர் பட்ட பாடு, மூன்றாம் வீட்டுக்காரருக்குப் பேட்ஜ் இருக்கிறது ஆனால் அவர் ஓடுகிறார். மூன்றாம் வீட்டுக்காரர் இல்லாத மறுபரிசீலனைக் கடிதத்தை நான் இன்னும் காணவில்லை. எல்லாத் தெருவிலும் ஒருவர் இருப்பார். அவருக்கு இருதயமோ நுரையீரலோ என்ன என்று யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் இந்தக் கடிதத்துக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. மகளிடம் பக்குவமாகச் சொன்னேன். அவர் அழுதார். பிறகு நான்கு பக்கத்தையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். எழுதினதில் அவருக்கு ஒரு ஆறுதல் இருந்திருக்கவேண்டும். அதுவும் வேண்டியதுதான்.

அளவு நாடா

சொற்களைத் திருத்தி அனுப்பினால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு யோசித்தேன். நாங்கள் சொல்லும் திருத்தத்தை அவர்கள் ஏன் நம்பவேண்டும்? மறுத்த பிறகு கதையை மாற்றுகிறார்கள் என்றுதான் தோன்றும். மீற்றரும் நிமிடமும் அப்படியல்ல. யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் கவுன்சில் அலுவலகத்திலும் 40 மீற்றர் 40 மீற்றர்தான்.

கட்டட வேலை செய்யும் நண்பர் ஒருவரிடம் 30 மீற்றர் நாடா இரவல் வாங்கினேன். ஐயா வீட்டு வாசல் படலையிலிருந்து நடைபாதையில் அளந்து, 10 மீற்றருக்கு ஒரு கோடு, சோக்கால். 80வரை எட்டுக் கோடு. அண்டை வீட்டுப் பிள்ளைகள் பாண்டி விளையாடத்தான் கீறுகிறேன் என்று நினைத்துப் பின்னாலேயே வந்தார்கள்.

மூன்று வெவ்வேறு நாள், வெவ்வேறு நேரம். ஐயாவிடம் ஒரே ஒரு விஷயம் சொன்னேன்: கோயிலுக்குள் போகும்போது எப்படி நடப்பீர்களோ அப்படி நடவுங்கள், எங்களுக்காக நடக்கவேண்டாம். மகள் கைப்பேசியில் நேரம் பார்த்தார். எங்கே நின்றார், எங்கே இருந்தார் என்று நான் குறித்தேன்.

முதல் நாள் 38 மீற்றரில் நின்றார். தடியை ஊன்றி முன்னால் குனிந்து பார்த்தார், அடங்கவில்லை. ஒரு வீட்டு மதிலின் தணிந்த பகுதியில் இருந்தார், 3 நிமிடம். 80 மீற்றர் முடிய மொத்தம் 6 நிமிடம் 40 விநாடி. நிமிடத்துக்கு 12 மீற்றர்.

இரண்டாம் நாள் நல்ல நாள். 62 மீற்றர்வரை நிற்கவில்லை. 80 மீற்றருக்கு 4 நிமிடம், நிமிடத்துக்கு 20 மீற்றர். "இதை எழுதாதேங்கோ அண்ணா" என்றார் மகள். எழுதினோம். நல்ல நாளை மறைத்துவிட்டுக் கெட்ட நாளை மட்டும் அனுப்பினால், நாளைக்குப் பரிசோதகர் முன் நல்ல நாள் வந்து நின்றுவிடும். தவிர, அந்த நல்ல நாளே 40க்குப் பாதிதான்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த மறுநாள். 22 மீற்றர். கால் தெரியவில்லை என்றார், இடது கால் செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. கழன்றதே அவருக்குத் தெரியாது. செருப்பை எடுத்து மாட்டிவிட்டுத் திரும்பிவிட்டோம். விறைப்பு என்றால் என்ன என்று ஆங்கிலத்தில் எப்படி விளக்குவது என்று ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தச் செருப்பு விளக்கிவிட்டது. கடிதத்தில் அதை அப்படியே வைத்தோம்.

மருத்துவச் சான்றுக்கு ஜிபியிடம் போகவில்லை. கடிதம் எழுதக் காசு கேட்பார்கள், 'நடக்கச் சிரமப்படுகிறார் என்று நோயாளி சொல்கிறார்' என்று ஒரு வரி வரும். அதைவிட, முதுகு கிளினிக்கிலிருந்து ஜிபிக்குப் போன பழைய கடிதங்களின் பிரதி ஐயாவின் பிளாஸ்டிக் பைக்குள்ளேயே இருந்தன, மாத்திரைப் பட்டியலோடு மடித்து. அதில் ஒன்றில் நிபுணர் தெளிவாக எழுதியிருந்தார்: நடக்கும்போது கால் நோவும் உணர்ச்சிக் குறைவும், இருந்தால் குறைகிறது, முன்னால் சாய்ந்தால் குறைகிறது, வயதையும் இருதயத்தையும் பார்த்துச் சத்திரசிகிச்சை வேண்டாம் என்று முடிவு. சத்திரசிகிச்சை இல்லை என்றால் இது மாறப்போவதில்லை. 3 வருடம் நீடிக்குமா என்ற கேள்விக்கும் அதுவே பதில்.

மறுபரிசீலனைக் கடிதம் ஒன்றரைப் பக்கம். அவர்கள் சொன்ன நான்கு காரணங்களையும் வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே பதில். றொலிக்கு எழுதிய பதில் இது, தமிழில்:

'சுப்பர்மார்க்கட்டில் அவர் நடப்பது உண்மை. றொலியின் கைப்பிடியில் இரு முழங்கையையும் ஊன்றி, முகம் சாமானைப் பார்க்கக் குனிந்து நடக்கிறார். அவரது நோயில் அப்படிக் குனிவது நரம்பின் மேலுள்ள அழுத்தத்தைக் குறைக்கும் என்பதை இணைத்துள்ள கிளினிக் கடிதத்தின் இரண்டாம் பத்தி சொல்கிறது. கார் பார்க்கில் றொலி இல்லாதபோது, காருக்கும் வாசலுக்கும் இடையில் அவர் ஒரு தரமாவது இருக்கவேண்டியிருக்கிறது.'

மூலைக் கடைக்கு ஒரே வரி: அது மூன்று வருடத்துக்கு முந்திய நிலை, படிவத்தில் தவறாக எழுதிவிட்டோம். பிழை எங்களுடையது என்றால் அப்படியே ஒத்துக்கொள்வது நல்லது. 50 மீற்றர் நடைக்கு, பிறகு காரில் கிடந்த அரை மணி நேரத்தையும், தெருவில் அளந்த மூன்று நாளையும் வைத்தோம். கடைசியில் இரண்டு வேண்டுகோள்: வேறொரு பரிசோதகர், வெளியே தெருவில். மொழிபெயர்ப்பாளர் இலங்கைத் தமிழ் பேசுபவராக இருக்கவேண்டும், காரணம் இன்னது என்று 'இருந்து', 'விறைப்பு' இரண்டு சொல்லையும் உதாரணமாகக் காட்டினோம்.

இதுவும் தோற்றால் என்ன செய்வது என்று ஐயா கேட்டார். கவுன்சிலின் முறைப்பாட்டு நடைமுறை, அதற்குப் பிறகு உள்ளூராட்சி ஒம்புட்ஸ்மன். அங்கே காசு கட்டத் தேவையில்லை, வழக்கமாக 12 மாதத்துக்குள் போகவேண்டும். ஆனால் ஒம்புட்ஸ்மன் பேட்ஜ் தரமாட்டார். கவுன்சில் முறையாக முடிவெடுத்ததா, எல்லாச் சான்றையும் பார்த்ததா, காரணம் சொன்னதா என்று மட்டும் பார்ப்பார், பிழை இருந்தால் திரும்பப் பார்க்கச் சொல்வார். நீதிமன்ற மீளாய்வு இருக்கிறது, ஒரு பேட்ஜுக்காக அந்தச் செலவுக்கு யாரும் இறங்கி நான் பார்க்கவில்லை. "அப்ப இதுதான் சரியான இடம்" என்றார் ஐயா. அப்படித்தான்.

இரண்டாம் தரம்

ஜூலையில் அழைத்தார்கள். நான் போகவில்லை, மகள் சொன்னதைத்தான் எழுதுகிறேன். வேறு பரிசோதகர். மொழிபெயர்ப்பு இந்த முறையும் தொலைபேசியில்தான், ஆனால் வவுனியாப் பக்கத்து ஆள். ஐயா 'இருந்து இருந்து' என்றதும் அவர் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லையாம்.

கட்டடத்துக்கு வெளியே நடந்தார்கள். 41 மீற்றரில் ஐயா நின்றார். சுற்றுமுற்றும் பார்த்தார், இருக்க இடமில்லை, பூச்செடித் தொட்டியின் விளிம்பில் இருந்தார். பரிசோதகர் நேரத்தை நிறுத்தவில்லை. ஐயாவுக்கு அவசரம், எழும்பப் பார்த்தார். மகள் பேசக்கூடாது என்பதால் பார்வையால் அதட்டினாராம். இரண்டாம் தரம் நின்றபோது பரிசோதகர் போதும் என்றுவிட்டார். 80 வரை போகவேயில்லை. போகும்போது காலணியைக் காட்டி, அன்றைக்குச் செருப்பு கழன்றது எந்தக் கால் என்று கேட்டிருக்கிறார். அவர் கடிதத்தை வாசித்திருக்கிறார் என்று மகளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது, ஒரு பந்தி. பேட்ஜ் ஓகஸ்ட் கடைசியில் தபாலில் வந்தது. பெப்ரவரியிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல். 3 வருடத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். தானாகப் புதுப்பிக்காது, திரும்பவும் விண்ணப்பிக்கவேண்டும், முடியும் தேதிக்கு மூன்று மாதம் முந்தியே தொடங்குவது நல்லது.

அளவுத் தாள்களை ஒரு கோப்பில் போட்டு மகளிடம் கொடுத்துவிட்டேன். போன மாதம் அந்த வீட்டுக்குப் போனேன். சமையலறைச் சுவரில் தாள் கிழிக்கும் கலண்டர், எங்கள் கடைகளில் வருடப் பிறப்புக்குத் தருவது. அன்றைய தாளில் நல்ல நேரத்துக்குக் கீழே, ஐயாவின் கையெழுத்தில் பென்சிலால் ஏதோ இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன்.

'கோயில். கார் கிட்ட. 2 தரம் இருந்தன்.'